பெரியம்மாவின் கையெழுத்து

2024 மார்ச் 6

தத்தெடுப்புக் கோப்புகளைப் பார்க்கிற கந்தோரில் இன்றைக்கும் மேடம் இல்லை. பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். அடுத்த புதன்கிழமை வரட்டாம். போன புதனும் இதையேதான் சொன்னார்கள்.

வெள்ளவத்தையில் இந்த வாடகை அறைக்கு வந்து ஐந்து மாதம். மூன்று மாதத்தில் பிள்ளையோடு வருவேன் என்று என் கணவர் பிரியந்தனிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். அங்கே, நாங்கள் குடியேறிய நாட்டில், முதியோர் இல்லத்தில் என் வேலையை இன்னும் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்வார்கள்.

பிள்ளை தத்தெடுக்க விண்ணப்பம் போட்டு ஆறு வருடம். அப்போது எனக்கு முப்பத்திரண்டு.

2024 மார்ச் 9

சனிக்கிழமை. கொட்டாஞ்சேனை சிறுவர் இல்லம். வாரத்தில் இந்த இரண்டு மணித்தியாலத்துக்காகத்தான் மற்ற நாட்கள் எல்லாம்.

பவிஷா இன்றைக்குத் தானாகவே வந்து என் பக்கத்தில் இருந்தாள். நாலு வயது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது. நான் கொண்டுபோன வர்ணப் பென்சில்களை ஒவ்வொன்றாக மணந்து பார்த்தாள். “சிவப்பு எது, காட்டுங்கோ” என்றேன். “காட்டுங்கோ இல்ல, காட்டுங்க” என்று திருத்தினாள். மலைநாட்டுப் பிள்ளை. என் யாழ்ப்பாணத் தமிழ் அவளுக்கு வேடிக்கை.

இல்லத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மயிலம்மா வாசல்வரை வந்தார். “போன வாரம் நீங்க போனதுக்கப்புறம் கேட்டுச்சுங்க, அந்த நீளமூக்கு ஆன்ட்டி மறுபடி வருவாங்களான்னு.”

பஸ்ஸில் வரும்போது மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

2024 மார்ச் 13

மேடம் இருந்தார். புதிய சுற்றறிக்கை ஒன்றும் இருந்தது.

வெளிநாட்டுக்குப் போக இருக்கிற எல்லாப் பிள்ளைகளின் கோப்புகளையும் திரும்ப முதலிலிருந்து பார்க்க வேண்டுமாம். பெற்றோர் இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சொந்தக்காரர் யாரும் இருக்கிறார்களா என்று புதிதாகத் தேட வேண்டும். எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டேன். மேடம் சிங்களத்தில், ஆனால் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: அந்தக் காலத்தில் தாய் அல்லாத ஒருத்தியைத் தாய் என்று நிறுத்திக் கையெழுத்து வாங்கிப் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வந்து இந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானாம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன களவெடுக்கவா வந்தனான்? ஆறு வருசம் ஒவ்வொரு கதவாத் தட்டி வந்தனான்.

பஸ் பம்பலப்பிட்டி தாண்டும்போது கோபம் இறங்கிவிட்டது. பவிஷாவைப் பெற்றவளுக்கு ஒரு சகோதரி இருந்தால்? அவள் எங்காவது இருந்து தேடிக்கொண்டிருந்தால்?

இல்லை. கோப்பில் ஒருவரும் இல்லை என்றுதான் இருக்கிறது.

2024 ஜூன் 4

பொலிஸ் நற்சான்றிதழ் காலாவதி. வைத்தியச் சான்றிதழும். எல்லாம் திரும்ப.

2024 ஜூலை 18

இருக்கிறாள்.

பெயர் பழனியம்மா. பவிஷாவின் தாய்க்கு மூத்தவள். முகத்துவாரத்தில் குடியிருக்கிறாள். பவிஷா இருக்கிற இல்லத்திலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.

2024 ஜூலை 27

இல்லத்து அலுவலக அறையில் சந்தித்தோம். மேடம், நான், அவள். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். சாப்பாட்டுக் கடையொன்றில் பாத்திரம் கழுவுகிறாள். விரல் நுனியெல்லாம் ஊறி வெளிறிக் கிடந்தது. நான் வணக்கம் சொன்னேன். பதிலுக்குத் தலையை ஆட்டினாள்.

மயிலம்மா பவிஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பழனியம்மா எழும்பவில்லை, கூப்பிடவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “சரோசா மூஞ்சி அப்படியே” என்றாள். சரோஜா இறந்த தங்கை.

மேடம் சம்மதப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். பிள்ளையை நீங்கள் பொறுப்பெடுக்க முடியுமா? முடியாது, ஒரே அறை, புருசன் படுத்த படுக்கை என்றாள். அப்படியென்றால் இவர்கள் கூட்டிப்போகச் சம்மதமா?

“சம்மதம் இல்லங்க.”

மேடம் எனக்காகவோ என்னவோ இன்னுமொரு முறை கேட்டார். அவள் அதையேதான் சொன்னாள். குரல் உயரவில்லை. பேனாவைக்கூடத் தொடவில்லை.

2024 ஜூலை 28

ஒன்றும் எழுத ஏலாது. பிரியன் கூப்பிட்டவர். நான் போனை எடுக்கேல்லை.

2024 ஆகஸ்ட் 10

முகத்துவாரத்துக்குப் போனேன். யாரிடமும் கேட்காமல்தான் போனேன். கெஞ்சவா, சண்டை பிடிக்கவா என்று பஸ் நிறுத்தத்தில் இறங்கும்வரை எனக்கே தெரியாது.

அவள் வாசலில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே புருசனின் இருமல். என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“தேயிலைத் தோட்டத்துல சரோசா செத்தப்ப எனக்குச் சொல்லி அனுப்பல. காரியம் முடிஞ்சுதான் போனேன். புள்ள எங்கன்னு கேட்டா, கொடுத்தாச்சுங்கிறாங்க. யாருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. மூணு வருசம், ரோட்டுல அந்த வயசுப் பொண்ணுங்களப் பாத்தா மொகத்தப் பாத்துட்டுத்தான் நடப்பேன். பக்கத்துலயே வச்சிருக்காங்க.”

நாங்கள் நல்லாக வளர்ப்போம் என்றேன். படிப்பிப்போம், வருடத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு வருவோம் என்றேன்.

“வருவீங்க. மொத வருசம் வருவீங்க.” உடுப்பைப் பிழிந்தாள். “உங்க மேல எனக்குக் குத்தம் இல்லம்மா. அவ்வளவு தூரம் போயிட்டா நான் செத்தாக்கூட அவளுக்குத் தெரியாது. இங்கன வச்சு வளக்கிறதுன்னா சொல்லுங்க, இப்பவே போடுறேன்.”

“இங்கயோ?”

“எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்மா. ஏழாம் வகுப்பு படிச்சிருக்கேன். போடத் தெரிஞ்சதுனாலதான் போடல.”

தேத்தண்ணி தந்தாள். குடித்துவிட்டு வந்தேன். அவள்மேல் கோபப்பட முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை.

2024 செப்டம்பர் 17

அங்கத்தைய தத்தெடுப்பு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். எங்கள் அனுமதி டிசம்பரோடு முடிகிறது. விதிகள் மாறுவதால் இனி நீடிப்புக் கிடையாது. வருந்துகிறார்களாம்.

2024 செப்டம்பர் 30

சட்டத்தரணி ஜுமானாவிடம் போனேன். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் வாயில் ‘இருக்கு’ எப்போதும் ‘ஈக்கு’தான்.

“வெளிநாட்டு விண்ணப்பத்த மறந்திடுங்க. இங்க குடியிருக்கிற குடும்பமா புதுசா போடலாம். உங்களுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை ஈக்கு. ஹஸ்பண்டும் திரும்ப எடுக்கோணும். ரெண்டு பேரும் இங்க வந்து ஈக்கோணும். வந்த மாதிரி காட்டுறதில்ல, மெய்யா ஈக்கோணும். வேலை, வீடு எல்லாம் நீதிபதி கேப்பாரு.”

பிரியந்தன் இங்கே குடியிருக்க வரவே மாட்டார் என்றேன். ஏன் என்று ஜுமானா கேட்கவில்லை. இந்த ஊரில் இருபது வருடம் வழக்குப் பேசியவர்.

2024 அக்டோபர் 5

பிரியனிடம் சொல்லிவிட்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த 2008இல் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றிலிருந்து அவருடைய அண்ணாவைப் படையினர் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அவ்வளவுதான், ஆள் திரும்பவேயில்லை. அந்த வருடமே பிரியன் வெளியேறியவர். பிறகு இந்த மண்ணை மிதிக்கவில்லை. எங்கள் கலியாணமே திருச்சியில்தான் நடந்தது. பவிஷாவுக்காகக் கடைசி இரண்டு கிழமை மட்டும் வருவதற்கே அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வருடம் எடுத்தது.

“அண்ணாவைத் தேடி அம்மா ஏறி இறங்கின கந்தோருகளில நான் என்ர பேரை எழுதிக் குடுக்கோணுமோ, ரூபி?”

“வேண்டாம். நான் அங்க திரும்பி வாறன்” என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பெட்டியை இறக்கினேன்.

2024 அக்டோபர் 12

பவிஷாவிடம் இனி வர மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். சொல்ல ஏலவில்லை. பழனியம்மாவும் வந்திருந்தாள். இப்போது அவளுக்கும் சனிக்கிழமைதான் அனுமதி. ஒரே மர வாங்கில் இரண்டு பேரும் இரண்டு பக்கம் இருந்தோம். பிள்ளை நடுவில் இருந்து இரண்டு பேருடைய பிஸ்கட்டையும் சாப்பிட்டாள்.

2024 அக்டோபர் 24

பிரியன் போனில் கூப்பிட்டார். வேலைக்குப் போகவில்லையாம்.

“அந்தப் பொம்பிளை எத்தினை வருசம் தேடினவ எண்டனீர்?”

“மூண்டு.”

“எங்கட அம்மா பன்ரெண்டு வருசம். தேடின ஒரு ஆளுக்குப் பிள்ளை கிடைச்சிருக்கு. அதை நாங்கள் திரும்பப் பறிச்சுக்கொண்டு போகக் கூடாது, ரூபி.”

“அதுதான் நான் வாறன் எண்டனான்.”

“நீர் வர வேண்டாம். நான் வாறன்.”

எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டேன். பிரஜாவுரிமை விண்ணப்பப் படிவத்தை நிரப்பிவிட்டேன், முழுப்பேரும் எழுதியிருக்கிறேன் என்றார்.

போனை வைத்துவிட்டு யன்னலைத் திறந்தேன். கீழே மரக்கறிக்காரன் லீக்ஸ், லீக்ஸ் என்று கத்திக்கொண்டு போனான். அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, எனக்குப் பிடிக்காத லீக்ஸ் ஒரு கிலோ வாங்கினேன்.

2025 ஜனவரி 12

வந்துவிட்டார். இரண்டு பெட்டி. பதினேழு வருடம்.

குடிவரவு அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு “வெல்கம் ஹோம்” என்றானாம்.

வெள்ளவத்தைக்குள் வந்ததும் அந்த லொட்ஜ் இருந்த ஒழுங்கையில் வாகனத்தை நிறுத்தச் சொன்னார். லொட்ஜ் இல்லை. எட்டு மாடிக் குடியிருப்பு. இறங்கிப்போய் நின்றார். நான் வாகனத்துக்குள் இருந்து அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். காவலாளி வந்து ஏதோ கேட்டான். இவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

திரும்பி வந்து, “சரி, போவம்” என்றார். என்ன சொன்னீர்கள் என்று இன்னும் கேட்கவில்லை.

2025 ஜனவரி 18

கொட்டாஞ்சேனைக்கு இரண்டு பேராக.

பவிஷா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “இவரு யாரு?” நான் வாய் திறக்க முதல் பழனியம்மா முந்திக்கொண்டாள். “உனக்காக ப்ளேன்ல வந்திருக்காரு.”

“ப்ளேன் எங்க?”

பிரியன் தடுமாறிப்போனார். “வெளியில விட்டிட்டு வந்தனான்” என்றார். பிள்ளை வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, “பொய்யி” என்றாள். அதற்குப் பிறகு அவரை விடவேயில்லை.

2025 மே 3

கிருலப்பனையில் வீடு. கீழ்மாடி. பிரியனுக்கு லிஃப்ட் திருத்துகிற கம்பனியில் வேலை, அங்கே செய்ததும் அதுதான். எனக்கு வீடுகளுக்குப் போய் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. அங்கே என் வேலையை விட்டுவிட்டதாக எழுதி அனுப்பினேன். அழுவேன் என்று நினைத்தேன். பசித்தது.

மேடம் வீடு பார்க்க வந்தார். பிள்ளையின் கட்டிலை அசைத்துப் பார்த்தார், யன்னல் கம்பிகளை எண்ணினார். போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “மெஹெம வெயி கியலா மங் ஹிதுவே நே” என்றார். இப்படி நடக்கும் என்று அவர் நினைக்கவில்லையாம்.

நானும்தான் நினைக்கவில்லை.

2025 ஜூலை 22

வழக்கு ஒத்திவைப்பு. மொழிபெயர்ப்பாளர் வரவில்லை.

2025 செப்டம்பர் 4

ஒத்திவைப்பு. பழனியம்மா இரண்டாவது முறையாக அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து திரும்பிப் போனாள். “பரவால்லம்மா. வந்துக்கிட்டே இருந்தா ஒருநாள் கூப்பிட்டுத்தானே ஆகணும்.”

2025 அக்டோபர் 9

கூப்பிட்டார்கள்.

நீதிபதி கோப்பை நீண்ட நேரம் புரட்டினார். பிறகு நிமிர்ந்து பிரியனைப் பார்த்துக் கேட்டார்: வெளிநாட்டில் நல்ல வேலை, வீடு. அதை விட்டு ஏன் வந்தீர்கள்? உத்தரவு கிடைத்ததும் பிள்ளையோடு திரும்பிப் போகவா?

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்க முதல் பிரியன் எழும்பிவிட்டார். துருப்பிடித்த சிங்களம். இடையிடையே சொல் தேடினார். ஆனால் அந்த அறை முழுக்கக் கேட்டது. “இந்தப் பிள்ளைக்கு இங்கே ஓர் ஆள் இருக்கிறார், ஐயா. ஆளை இழந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும். நாங்கள் போக வரவில்லை.”

நீதிபதி பழனியம்மாவை அழைத்தார். சுயவிருப்பத்தோடுதான் சம்மதிக்கிறீர்களா?

“ஆமாங்க சாமி. இப்ப சம்மதம்.”

படிவத்தை நீட்டினார்கள். அவள் கையைச் சேலையில் இரண்டு முறை துடைத்தாள். பேனாவை அழுத்திப் பிடித்து ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். தகப்பன் பெயரின் முதலெழுத்தையும் விடவில்லை. முழு நீதிமன்றமும் அவள் எழுதி முடிக்கும்வரை காத்துக்கொண்டிருந்தது.

உத்தரவு வழங்கப்பட்டது.

வெளியே படிகளில் ஜுமானா என்னைக் கட்டிப் பிடித்தார். நான் பழனியம்மாவைக் கட்டிப் பிடித்தேன். பிரியன் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாருக்கோ போன் எடுக்கிற மாதிரிக் காதில் கையை வைத்துக்கொண்டிருந்தார். கையில் போன் இல்லை.

பின்னேரம் பவிஷாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம்.

2025 நவம்பர் 23

இரண்டு நாளாகப் பிள்ளைக்கு இருமல். இன்றைக்குப் பெரியம்மா வீட்டில் போய்ப் படுக்க வேண்டும் என்றாள். சளி இருக்கு, அடுத்த கிழமை போகலாம் என்றேன். போர் தொடங்கிவிட்டது. செருப்பை எறிந்தாள். “நீங்க மோசம். நீங்க வேணாம். அப்பாகூடத்தான் நான் பேசுவேன்” என்று அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

பயந்துபோய் மயிலம்மாவுக்கு போன் எடுத்தேன். அவர் சிரித்தார். “இங்க இருந்தவரைக்கும் ஒருநாள்கூட அடம் புடிச்சதில்லீங்க. நாங்க என்ன சொன்னாலும் சரின்னு கேட்டுக்கும்.”

இதை எழுதும்போதும் கத்துகிறாள். பிரியன் கதவடியில் நிலத்தில் இருந்துகொண்டு சமாதானம் பேசுகிறார். முதலில் அம்மாவை வெளியே அனுப்பினால்தான் திறப்பாளாம். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

கேட்கட்டும்.