இட்லிப்பாறை நனைந்தால்

உன் தகர டப்பாவைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலியில் நீ வந்து உட்காரும்போதெல்லாம் வந்த அதே வாசனை. பெட்டியிலிருந்து புதுப் புடவை எடுத்துக் கட்டியிருக்கிறாய் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கைப்பைக்குள் சேவல் இறகும் அந்துருண்டையும் ஒன்றாகக் கிடக்கின்றன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். டப்பா நேற்று நனைந்துவிட்டது. ஸ்ரீவராகத்தில் என் வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் செய்தித்தாளை விரித்து, நீ இறகால் கட்டிய பொய் ஈக்களை ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்திக்கொண்டிருக்கிறேன். சேவல் இறகை ஆசாரம் பார்க்காமல் வெறுங்கையால் தொடுகிறேன், பார். உயிரோடு இருந்திருந்தால் நீ கைதட்டிச் சிரித்திருப்பாய்.

நேற்று மறுபடி கல்லாற்றங்கரையில் நின்றேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கொக்கியில் இறகைச் சுற்றி ஈ போலக் கட்டுவாய். கனத்த நூலைத் தலைக்கு மேல் முன்னும் பின்னும் வீசி, அந்த ஈ தானாகப் பறந்து வந்து உட்கார்ந்ததுபோலத் தண்ணீர்மேல் இறக்குவாய். மீன் ஏமாந்து கவ்வினால் கரைக்கு இழுத்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவாய். பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் எழுத்தராக இருந்த உன் அப்பாவுக்கு ஒரு மேனேஜர் விட்டுப்போன தூண்டில் கம்பு அது. எனக்கு இந்த விளையாட்டு ஒரு நாளும் விளங்கியதில்லை. "விடறதுக்கு எதுக்குடீ பிடிக்கறே?" என்று கேட்டேன். "பாக்கதுக்குத்தான். நீ கோயிலுக்குப் போயி சாமிய வீட்டுக்குத் தூக்கிட்டா வாற?" என்றாய். சாமியையும் மீனையும் ஒன்றாக்கிவிட்டாயே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவோம். கம்பை நீ பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்க்குள் போட்டு மூடி, தோளில் மாட்டியிருப்பாய். "இதெந்தா சேச்சி, தோக்கோ?" என்று ஒரு கண்டக்டர் கேட்டதற்கு, "ஆமா, துப்பாக்கிதான். ரெண்டு கல்லாறு டிக்கெட் குடு" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஆறு என்றாலே எனக்குக் குலை நடுங்கும் என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் என்னைக் கூட்டிப்போனாய். கல்லாற்றில் கீழே வெயில் கொளுத்தும். மேலே மலையில் எங்கேயோ மழை கொட்டியிருக்கும். கணுக்கால் அளவு தண்ணீர் கண்ணை மூடித் திறப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிடும். கம்பு வீசுகிறவளின் கண் ஈமேல்தான் இருக்கும். அதனால் ஒருத்தி கரையில் நின்று மேல்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றின் நடுவே உப்பலாக, வெள்ளையாக ஒரு கல். இட்லிப்பாறை என்று நீதான் பெயர் வைத்தாய். சாலைக் கடைத்தெருவில் ஒரு விசில் வாங்கி என் கழுத்தில் மாட்டி, "இட்லி நனைஞ்சா ஊதிரு" என்றாய். எனக்கு பயமா இருக்கு, வேற யாரையாவது கூட்டிண்டு போ என்று நான் கெஞ்சினேன். "பயப்படாதவளக் கரையில நிறுத்துனா நான் செத்தேன். ஒனக்க பயம் எனக்கு வேணுமாக்கும்" என்றாய்.

அந்த ஒரு நாளைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேசியதே இல்லை, கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை தவிர.

மதியம். வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. உன் கம்பு வளைந்து நின்றது, பெரிய கெண்டை. நீ குதூகலத்தில் ஏதோ கத்திக்கொண்டிருந்தாய். மேல்பக்கம் பார்த்தேன். முதலில் காய்ந்த இலைகள் கூட்டமாக வந்தன. பிறகு தண்ணீர் டீ நிறமானது. மண் வாசனை வந்தது. இட்லிப்பாறையின் அடி நனைந்தது, பாதி நனைந்தது. விசில் என் வாயில்தான் இருந்தது. பல்லால் கடித்திருந்தேன். ஊத மூச்சு வரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்தித் தாழ் போட்டதுபோல. இட்லிப்பாறை முழுகியதையும் பார்த்தேன். அப்போதும் ஊதவில்லை.

மீனைக் காட்ட நீ தற்செயலாகத் திரும்பினாய். என் முகத்தைப் பார்த்தாய். மீனை மறந்து, இடுப்புத் தண்ணீரில் தடுமாறி, இரண்டு தடவை முழுகி, ஒரு வேரைப் பிடித்துக் கரையேறினாய். ஒரு செருப்பு போய்விட்டது. முழங்காலில் ரத்தம். மல்லாந்து கிடந்தபடி, "ஊதினியா?" என்று கேட்டாய். நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அதற்குள் கரைமேல் டீக்கடை வைத்திருந்த அம்மா ஓடி வந்தாள். அவளிடம் நீ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாய்: "இவ ஊதினா. அதனால பொழச்சேன்."

வீட்டிலும் அதையே சொன்னாய். அலுவலகத்திலும் சொன்னாய். உன் மகள் ஷைனியிடம் கதையாகவே சொல்லி வளர்த்தாய். எல்லாரும் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று சபையில் உன் அண்ணன் பேசும்போது அந்த விசிலைப் பற்றிச் சொன்னார். கூட்டம் முழுக்க என் பக்கம் திரும்பியது. தலையைக் குனிந்துகொண்டேன், துக்கம் என்று நினைத்திருப்பார்கள். வெட்கக்கேடு, வேறென்ன.

ஆஸ்பத்திரியில் ஒரு மாலை, ஷைனி மருந்து வாங்கப் போயிருந்தபோது கேட்டேன். "எனக்காக ஏன்டீ அப்படி ஒரு பொய் சொன்னே?" நீ முகத்தைச் சுளித்தாய். "ஒனக்காகவா? நல்ல கதை. எனக்காகவாக்கும். நீ ஊதல்லன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் வீட்டுல என்னை விடுவாவளா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நல்ல கதைதான். ஆனால் அந்த வெள்ளத்துக்குப் பிறகும் மாதாமாதம் என்னையேதான் கரையில் நிறுத்தினாய். அது எதற்கு என்று கேட்க அன்று விட்டுப்போயிற்று.

போன வாரம் ஷைனி பெங்களூரிலிருந்து வந்தாள். கையில் உன் டப்பா. "மாமி, ரெண்டாம் சனி கல்லாறு போலாமா? அம்மைக்க கம்பெடுத்து அங்க ஒரு தடவ வீசணும். தனியா போவக்கூடாதுன்னு அப்பா சொல்லியாச்சு. மாமி கரையில உண்டெங்கி போயிக்கோன்னு சொன்னாரு."

மாமி கரையில் உண்டு. அதுதான் பிரச்சினையே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? கண்ணை மூடினால் இட்லிப்பாறை. வயிற்றுவலி என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். இவள் உன் பெண், தனியாகவே கிளம்பிவிடுவாள். உண்மையைச் சொன்னால் பன்னிரண்டு வருஷத்து மரியாதை போகும். சொல்லாவிட்டால் இந்தப் பெண்ணே போய்விடுவாள். கணக்கு எளிதுதான். ஆனாலும் நேற்று அவள் காரில் விதுரா தாண்டும்வரை வாய் வரவில்லை.

"ஷைனி, வண்டியை ஓரமா நிறுத்து" என்றேன். நிறுத்தினாள். "அன்னிக்கு நான் ஊதலை. உங்கம்மா சொன்னது பொய். எனக்கு மூச்சே வரலை. இன்னிக்கும் வராது. திரும்பிப் போயிடலாம்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது சிவந்தது, உனக்குக் கோபம் வந்தால் சிவக்குமே, அப்படி. இறக்கிவிட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். நல்ல பெண், திட்டக்கூட இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டாள்: "பேடி வந்தா, பயம் வந்தா ஊத முடியல்ல. பேடி இல்லாதப்ப ஊத முடியுமா?"

"முடியும். அதுக்கு என்ன?"

"அப்ப திருப்பிப் போடுவோம். ஒண்ணும் இல்லாதவரைக்கும் ஊதிட்டே இருங்க மாமி. பத்து எண்ணி ஒரு ஊது. சத்தம் நின்னா நான் கரையேறிருவேன்."

அடிப்பாவி, இத்தனை வருஷம் நமக்கு ஏன் இது தோன்றவில்லை?

அதே இடம். இட்லிப்பாறை வெயிலில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. ஷைனி முழங்கால் ஆழத்தில் இறங்கினாள். வீச்சு அப்படியே உன்னுடையது. மொட்டைமாடியில் நீ அவளுக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில் கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட வரப் பயந்தது நினைவிருக்கிறதா? நான் நீ வாங்கித் தந்த அதே விசிலை வாயில் வைத்து, பத்து எண்ணி ஊதினேன். எண்ணினேன், ஊதினேன். தண்ணீர் குடிக்கக்கூட அதை வாயிலிருந்து எடுக்கவில்லை. டீக்கடை அம்மா எட்டிப் பார்த்து, "எந்தா சேச்சி, போலீஸில் சேர்ந்தோ?" என்றாள். விசிலோடு தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். தாடை வலித்தது.

ஷைனியின் கம்பு வளைந்தது. "மாமி!" என்று கத்தினாள், உன் குரலில். அவள் பார்வை முழுக்க நூலில். நான் மேல்பக்கம் பார்த்தேன். இலைகள். கூட்டமாக. ஆறு, ஏழு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு வரவில்லை. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதே கதவு, அதே தாழ். ஊதாதே, ஊதாதே, நிறுத்தினால்தான் அவளுக்குத் தெரியும் என்று ஒருபக்கம் மனசு சொன்னது. ஊது, கத்து என்று இன்னொரு பக்கம். எதுவும் என் கையில் இல்லை. நின்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நின்றதுபோலவே, மரமாக நின்றேன்.

அவள் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்க்கவில்லை, மேல்பக்கமும் பார்க்கவில்லை. காதை மட்டும் சாய்த்தாள். அடுத்த கணம் நூலைக் கையில் சுற்றி ஒரே இழுப்பில் அறுத்தாள். மீனோடு உன் ஈ ஒன்றும் போயிற்று. கம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள், கடைசி நாலடி மட்டும் ஓட்டம். இடுப்பில் கட்டியிருந்த உன் டப்பா நனைந்தது, அவ்வளவுதான். கரையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க இட்லிப்பாறை முழுகியது. அவள் நின்ற இடத்தில் ஒரு மரக்கிளை உருண்டுகொண்டு போனது.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். விசில் இன்னும் பல்லில். அவள்தான் மெதுவாக எடுத்தாள். "நின்னுபோச்சு மாமி. நின்னதும் வந்துட்டேன்" என்றாள். அப்போதுதான் அழுதேன், டீக்கடை அம்மா பார்க்கப் பார்க்க.

திரும்பும் வழியில் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். "மாமி ஊதல்லப்பா. அதனாலதான் பொழச்சேன்." அந்தப் பக்கம் மனுஷர் குழம்பிப்போய், "என்னது, ஊதல்லியா?" என்று மூன்று தடவை கேட்டார். அவள் விளக்கிக்கொண்டே வந்தாள், உன் பொய் உட்பட எல்லாவற்றையும். கோபித்துக்கொள்ளாதே. அடுத்த மாசம் விடமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை.

ஈக்கள் உலர்ந்துவிட்டன. டப்பாவில் இரண்டு புது அந்துருண்டை போட்டிருக்கிறேன். விசிலில் என் பல் தடம் ஆழமாக விழுந்திருக்கிறது, பழைய தடத்துக்குப் பக்கத்திலேயே. இதை எழுதும்போது ஷைனி போனில் கூப்பிட்டாள். அடுத்த இரண்டாம் சனி வருவீங்களா மாமி என்றாள். "எனக்குப் பயமா இருக்குடீ" என்றேன்.

"பயம் இருக்கட்டும். அது வேணுமாக்கும்" என்றாள்.

நீ அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாயா, தெரியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இன்னும் நாலு வாரம் இருக்கிறது, எனக்கு இப்போதே மூச்சு முட்டுகிறது.