இருபத்தொன்றாவது முடிச்சு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே கையும் காலுமாக நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்குப் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய் என்றால் செய்ய மாட்டாள், ஆனால் ஸ்டூல் போட்டு ஏறி மின்விசிறியைத் துடைப்பாள், கேட்டால் நீங்கள் துடைத்தால் நான் ஏன் ஏறுகிறேன் என்று என் வாயை அடைத்துவிடுவாள். பின்னறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது, கொத்தனார் இதோ வருகிறேன் அதோ வருகிறேன் என்று மூன்று வாரமாகக் கதை விடுகிறார், வாளி வைத்துச் சமாளிக்கிறோம். பேரனுக்கு முன்பல் விழுந்த போட்டோவைப் பார்த்து அம்மா ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். போனில் பேசும்போதெல்லாம் என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்று கேட்கிறாய், சளி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால்தான் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் பேனாவை எடுத்திருக்கிறேன். இதை உட்கார்ந்து படி, வேலைக்கு நடுவில் படிக்காதே.

நம் மாநிலத்துக்கு ஐம்பது வயது ஆகிறதென்று அந்த ஆரம்ப காலத்து ஆட்களின் வாழ்க்கையைத் தொகுத்து ஆவணக் காப்பகம் ஒரு பெரிய புத்தகம் போடுகிறதே, அதற்கு நீ என்னைப் பற்றி எழுதி அனுப்பிய பக்கத்தின் அச்சுப்படியை அங்கே பொறுப்பாக இருக்கும் பெண் போன மாதம் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். முதல் பாகம் பெரிய மனிதர்களுக்கு, இரண்டாம் பாகம் சாதாரண ஜனங்களுக்காம். இரண்டாம் பாகம்தான் படிக்க நன்றாக இருக்கிறது. தலைமைச் செயலகம் திறந்த அன்று சாவியைத் தொலைத்துவிட்டு மந்திரிகளையெல்லாம் ஜன்னல் வழியாக ஏற்றிவிட்ட காவலாளி இருக்கிறார், முதல் டெலிபோன் நிலையத்தில் தனி ஆளாக உட்கார்ந்து ஊர் வம்பையெல்லாம் கேட்டும் கடைசி வரை ஒன்றைக்கூட வெளியே விடாத அம்மாள் இருக்கிறார். எதிர்வீட்டுத் தபால்காரருக்கு நாலே வரி, அதிலும் போட்டோவில் ஒரு காதை வெட்டிவிட்டார்களாம், அந்தக் கோபத்தில் மனுஷன் ஒரு வாரமாக யாரோடும் பேசவில்லை. எனக்கு முதல் பாகத்தில் முழுப் பக்கம். எல்லைக்கல் நட்ட சர்வேயர் என்று தலைப்பு. ஒரு கோடுகூடத் தவறாத நோட்டுப் புத்தகம் அப்பாவுடையது என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு ஆசையாக எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும் கண்ணு. அந்த வரியில் வந்து என் கண் நின்றுவிட்டது. படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போடுங்கள் ஐயா என்று அந்தப் பெண் பேனாவை நீட்டினாள், கண்ணாடியைக் காணோம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கண்ணாடி என் மூக்கு மேலேயே இருந்தது, அவள் மரியாதைக்குப் பேசாமல் போனாள்.

ஒரு கோடு தவறியது கண்ணு. எல்லைக்கல் நட்ட கதையை உனக்குச் சொல்லும்போதெல்லாம் நான் விழுங்கிவிட்ட பாதியை இப்போது சொல்கிறேன். மாநிலம் பிரிந்த மூன்றாம் வருஷம் ஆற்றுப் பாலத்திலிருந்து மேற்கே இருநூறு சங்கிலி அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று உத்தரவு. சங்கிலி என்றால் இரும்புக் கண்ணிகள் கோத்த அளவுச் சங்கிலி, முன்னால் ஒருவர் இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு இரும்பு முளையைத் தரையில் குத்துவார், பின்னால் வருகிறவர் அதைப் பிடுங்கிக்கொண்டே வருவார். பின்னாடி வருகிறவர் கையில் பத்து முளை சேர்ந்தால் பத்துச் சங்கிலி ஆயிற்று என்று அர்த்தம், என்னிடம் காட்டுவார், நான் நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு முளைகளை முன்னவருக்கே திருப்பி அனுப்புவேன். இருபது கோடு வந்தால் இருநூறு சங்கிலி, அங்கே கல். பின்னால் வந்தவருக்கு முடிச்சு என்று பட்டப்பெயர், ஏனென்றால் எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் ஒவ்வொரு தடவை முளை கொடுக்கும்போதும் இடுப்பில் கட்டிய நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வார், அது அவர் சொந்தக் கணக்கு, யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு மத்தியானம் அவர் பத்து முளையை என் கையில் கொடுத்த நேரத்தில் ஆபீஸ் பியூன் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து ஐயா பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு கத்தினார். அது நீதான். நான் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடிச்சைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டேன், பியூனையும் தூக்கினேன், வெயிலில் மூன்று பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். முளைகளை முன்னவருக்கு அனுப்பினேன். கோடு போடவில்லை.

சாயங்காலம் கல்லை நட்டு முடித்த பிறகு முடிச்சு தயங்கித் தயங்கி வந்து ஐயா என் நூல்ல இருபத்தோரு முடிச்சு இருக்குங்க, ஒருக்கா பாருங்கன்னு சொன்னார். உன்னைப் பார்க்க ஓட வேண்டும் என்ற அவசரம் எனக்கு, அதோடு திமிரும்தான். உன் நூலுக்குத் தெரிஞ்சது என் நோட்டுக்குத் தெரியாதான்னு எல்லார் முன்னாலேயும் கேட்டேன். அவர் போய்ச் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்து இரண்டு மாநிலத்து ஆட்களும் சேர்ந்து மறுபடி அளந்தபோது கல் பத்துச் சங்கிலி தள்ளி நிற்பது தெரிந்தது. அதற்குள் அந்த இடத்தில் நாற்பது வீடு முளைத்துவிட்டது, நம் மாநிலம் என்று நம்பிக் கட்டியவர்கள். கல்லைப் பிடுங்கி உள்ளே நட்டதும் அத்தனை பேரும் பக்கத்து மாநிலத்துக்காரர்கள் ஆனார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து பெயர் அடித்து அனுப்பினார்கள், நம் மில்லில் வேலை பார்த்தவர்களை நிறுத்தினார்கள், ஒரு அம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து மண்ணை அள்ளி வீசினாள். விசாரணை வைத்தார்கள். அப்போதே எனக்கு எந்த இடத்தில் விட்டேன் என்று பளிச்சென்று ஞாபகம் வந்துவிட்டது. வந்தும், முளை என் கையில் வந்தபோதெல்லாம் கோடு போட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். அப்படியென்றால் முடிச்சுதான் ஒரு தடவை காட்டாமல் விட்டிருக்க வேண்டும். அந்த ஆள் குடிப்பாரா என்று அதிகாரி என்னைக் கேட்டார். அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, குடிபோதையில் கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வு.

உன் பள்ளிக்கூடத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தாரே, அவர்தான் முடிச்சு. எட்டாவது படிக்கும்போது ஒரு நாள் நீ வந்து, அந்தக் கடைக்காரர் என் பிறந்த நாளைச் சரியாகச் சொல்கிறார் அப்பா, மந்திரம் தெரியுமோ என்று கேட்டாய். அந்தக் கடைப் பக்கமே போகாதே, அடுத்த தெருக் கடையில் காற்றடி என்று சிடுசிடுத்தேன். காரணம் கேட்டு அழுதாய், நான் சொல்லவில்லை. அந்த மனிதர் கடை வாசலில் நின்று நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவதைத் தினமும் பார்த்திருப்பார்.

உன் அச்சுப்படி வந்த பிறகு ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், பிறகு அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. நாப்பத்தஞ்சு வருஷம் வாயில பூட்டு போட்டுட்டு இப்ப எதுக்கு தொறக்கறீங்க, உங்க மனசு லேசாகறதுக்கு என் பொண்ணு தலையில பாரம் ஏத்தணுமா, அவ பொறந்த நேரத்தைச் சொல்லியே ஆகணுமான்னு கேட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனாலும் மறுநாள் முடிச்சைத் தேடிப் போனேன். சைக்கிள் கடை இப்போது ஜெராக்ஸ் கடை, அதற்குப் பின்னால் ஒற்றை அறை, ஜன்னலோரம் கட்டில். கண் இரண்டும் போய்விட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம், டாக்டர் வாரக் கணக்கில்தான் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவரை வாடா போடா என்று பேசிய என் வாய்க்கு அன்றைக்கு நீ என்றுகூட வரவில்லை. என் செருமலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டு, சர்வேயர் ஐயாவா, பாப்பா எப்படி இருக்கு, இப்ப நாப்பத்தேழு முடிஞ்சிருக்குமேன்னு கேட்டார். நாற்பத்தாறுதான் என்று நான் சொன்னேன். இல்லீங்க நாப்பத்தேழுன்னு சிரித்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டால் நாற்பத்தேழு.

நான் கோடு போடாததைச் சொன்னேன். தெரியுமேங்க, உங்க கையைத்தானே பாத்துட்டு இருந்தேன், சிரிச்சிட்டு இருக்கீங்களே, சாயங்காலம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்னு சொன்னார். அப்படியானால் விசாரணையில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். எந்த நேரத்துல நடந்துச்சுன்னு கேப்பாங்க, சேதி வந்த நேரத்துலன்னு நான் சொல்லணும், அவங்க அதை எழுதுவாங்க, நாப்பது வீட்டுக்காரங்களும் ரெண்டு வயசுக் குழந்தையைக் கரிச்சுக் கொட்டுவாங்க, பச்சப்புள்ளைய எதுக்குங்க கேஸ்ல இழுக்கணும், நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்னு சொன்னார். கடைசியில் சொன்னதைக் குற்றம் சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை, பஸ் வருமென்று நினைத்தேன், வரவில்லை என்கிற மாதிரி சொன்னார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன் கண்ணு. எழுபத்தாறு வயதில் ஒருவர் முன்னால் இப்படி அழுவேன் என்று நினைத்ததில்லை. ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். வேலை போனதுக்கு வருத்தமில்லீங்க, என் மக மட்டும் நான் குடிச்சு வேலையைத் தொலைச்சேன்னு இன்னும் நினைச்சிட்டிருக்கா, நான் சொன்னா எல்லாக் குடிகாரனும் இப்படித்தான் சொல்லுவான்னு சொல்லிடறா, அது ஒண்ணுதான்னு சொன்னார்.

அவர் மகள் அந்த ஜெராக்ஸ் கடையில்தான் வேலை பார்க்கிறாள், ஐம்பதைத் தாண்டியவள், அப்பாவைக் குளிப்பாட்டி ஊட்டி எல்லாம் அவள்தான் செய்கிறாள், ஆனால் ஒரு வார்த்தை ஆசையாகப் பேச மாட்டாளாம். வெளியே வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது, அவள் தாளை அடுக்கிக்கொண்டே கேட்டாள், குடிகாரர் மகள் என்று தட்டிப்போன சம்பந்தங்களை மட்டும் விரல் விட்டு எண்ணிக் காட்டினாள், மூன்று. பிறகு, அன்னிக்குத் தரையைப் பாத்துட்டு நின்ன ஆள் இன்னிக்கு வந்து வாயால சொன்னா நான் நம்பிடணுமா, அச்சுல வரட்டும், உங்க பேரைப் போட்டு வரட்டும், அப்ப நம்பறேன், அப்பாவுக்கு நானே படிச்சுக் காட்டறேன்னு சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அங்கிருந்து நேராக ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். அந்தப் பெண் முழுதும் கேட்டுவிட்டு என் வாக்குமூலத்தை எழுதி வாங்கிக்கொண்டாள், ஆனால் பக்கத்தை அனுப்பியது உங்கள் மகள், அவர்கள் எழுதிக் கொடுத்தால் ஒழிய என்னால் ஒரு எழுத்தை மாற்ற முடியாது ஐயா என்றாள். வருகிற இருபத்தைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. நீ அனுப்பியதற்குப் பதிலாகப் புதிதாக நான் எழுதிய பக்கம் இதோடு இருக்கிறது. அதில் தலைப்பே முடிச்சுதான். பாலத்திலிருந்து எல்லை வரை சரியாக எண்ணிய ஒரே மனிதர் என்றும், குடியாதவர் என்றும், சர்வேயர் பொய் எழுதிக் கொடுத்ததால் வேலை இழந்தவர் என்றும் என் பெயரோடு எழுதியிருக்கிறேன். எந்தச் செய்தி வந்தது என்பதை எழுதவில்லை, ஒரு சந்தோஷச் சேதி வந்த நேரம் என்று மட்டும் போட்டேன், அது அவருடைய விருப்பம், அம்மாவுடைய விருப்பமும்கூட. உனக்கு மட்டும் முழுதாகத் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். நீ பிறந்ததால் எதுவும் கெடவில்லை, அந்தக் கோட்டைப் போட வேண்டிய கை என்னுடையது, உண்மையைச் சொல்ல வேண்டிய வாயும் என்னுடையது. இதில் உனக்கு ஒரு பங்கும் இல்லை, இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

அப்பா பொய் சொன்னார் என்ற தாளில் மகளைக் கையெழுத்துப் போடச் சொல்கிறேன், எந்த அப்பனும் கேட்கக் கூடாததுதான். கோபம் வந்தால் கோபப்படு, திட்டி எழுது, ஒரு மாதம் போன் பண்ணாமல் இரு, எல்லாம் எனக்கு வேண்டியதுதான். கையெழுத்தை மட்டும் முதலில் போட்டுவிடு. பேரனுக்கு இந்தக் கதையை எந்த வயதில் சொல்வது என்று நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள், சொல்லாமல் மட்டும் விடாதீர்கள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் விழுங்க வேண்டியிராத வாழ்வு அமைய வேண்டும், மூவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். தாளைப் போட்டோ எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினாலே போதுமாம், அவள் போன் நம்பர் பின்பக்கம் இருக்கிறது. மறந்துவிடாதே, இருபத்தைந்தாம் தேதி. முடிச்சுக்குக் கண்தான் போயிருக்கிறது, காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா