மோடத்தில் கோளாறு இல்லை

இல்லை, மோடத்தில் கோளாறு இல்லை. என்றுமே இருந்ததில்லை, அப்பா.

ஹெட்போன் பஞ்சில் இன்னும் உங்கள் தைல வாசனை. காலையில் அதை மாட்டியவுடன் கழற்றி வைத்தேன். வாசனையால் அல்ல. உங்கள் காரியத்துக்கு வந்த அண்ணன், விமானம் ஏறும் முன் உறவினர்களிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "அந்த மோடம் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா அப்பாகூட இன்னும் எவ்ளோ பேசியிருப்பேன்." எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஞாயிறு காலைகள். தி. நகர் வீட்டின் முன்னறையில் கணினி. தொலைபேசி லைனில் மோடத்தை இணைத்து, இணையம் வழியாக அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோடு பேச்சு. குளிர், வேலை, குழந்தைக்கு முளைத்த பல். பிறகு நீங்கள் கேட்பீர்கள்: "எப்படா வர்ற?" பேச்சு அறுந்துவிடும்.

முதலில் நம் தொலைபேசியைத்தான் சந்தேகித்தேன். மாடி வீட்டம்மா தொடங்கித் தெருவில் பாதிப் பேர், வீட்டில் போன் இல்லாததால், நம் எண்ணைத்தான் பி.பி. எண்ணாகக் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அழைப்பு வந்தால் நம் லைனில் கால் வெயிட்டிங் ஒலிக்கும். அந்தச் சின்ன ஒலிக்கே மோடம் இணைப்பை விட்டுவிடும். அது ஒலிக்காதபடி கணினியில் செட்டிங்கை மாற்றினேன்.

அடுத்த ஞாயிறும் கேட்டீர்கள். பேச்சு நின்றது. மோடத்தின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. இணைப்பு இருந்தது. திரையில், இணைப்பில் இருப்பவர்கள் பட்டியலில், அவன் பெயர் மட்டும் இல்லை.

நீங்களும் விளக்குகளைப் பார்த்தீர்கள்.

"பழையபடியே வெச்சிடும்மா," என்றீர்கள். "மாடி வீட்டம்மாவுக்கு போன் வரும். பாவம்."

வைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் சனியன் பிடித்த மோடம் என்று வைதீர்கள். இதுக்கு போஸ்ட் கார்டே தேவலை மாமா என்று மாடி வீட்டம்மா கேலி செய்வார். நீங்கள் சிரிப்பீர்கள். அந்தச் சிரிப்பு அருவருப்பாக இருந்தது. அவன் பொய்யை உங்கள் வாயால் மெய்யாக்கிக்கொண்டிருந்தீர்கள். அவனைவிட அதைத்தான் அதிகம் வெறுத்தேனோ.

இப்போது யாருடைய பேச்சு பாதியில் நின்றாலும் என் கண் விளக்கைத் தேடுகிறது. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அது.

இன்று செட்டிங்கை மீண்டும் மாற்றி அவனை அழைத்தேன்.

"இப்ப கட் ஆகாதுண்ணா. எப்படா வர்றன்னு அப்பா கேட்டுட்டே இருந்தாரே. ஒரு தடவையாவது ஏன் பதில் சொல்லல?"

பெயர் மறைந்தது. விளக்குகள் எரிந்தன.

இணைப்பைத் துண்டித்தேன். உடனே தொலைபேசி அடித்தது. மாடி வீட்டம்மாவுக்கு. ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டு, அவரைக் கூப்பிடப் படியேறினேன்.