நாலு பில்லை அதிகம்

உன் வீட்டம்மா நேற்றுக் காலையில் ஷேர் ஆட்டோவில் வந்து, பழைய துண்டில் சுற்றிய ஒரு பொருளை என் மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "அண்ணா, இது உங்க ரெண்டு பேரு சாமானுன்னு அவரு சொல்லிகினே இருப்பாரு. இத்தினி வருஷமா பின்கதவுக்கு முட்டு குடுத்து வெச்சிருந்தோம். இனிமே உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்கும் தைரியம் இல்லை.

துண்டை அவிழ்ப்பதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. பழைய கிரீஸும் துருவும் கலந்த வாடை. தோசைக்கல் அகலத்தில் இரும்புப் பில்லை, நடுவில் துளை, ஓரத்தில் நான் உளியால் போட்ட கோடு. இதன் ஜோடியை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாளே பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டேன். கண்ணில் பட்டால் நெஞ்சு குத்தும் என்ற பயம். நீ என்னடாவென்றால் கதவுக்கு முட்டுக் கொடுத்து, தினமும் காலில் இடித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாய். உன் புத்தியே தனி.

தொண்ணூறுகளின் நடுவில் அந்த வேலை நம் பட்டறைக்கு வந்தது. ஆரணியில் பட்டறை வைத்தவன் தறிக்குத்தான் வேலை செய்வான். ஜக்கார்டு பெட்டிக்குச் சட்டம் வேண்டும், பாவு உருளைக்கு அச்சு வேண்டும் என்று வருவார்கள். லேத் உனக்கு, வெல்டிங் எனக்கு. ஐ.டி.ஐ. படித்தவன் என்பதால் வரைபடம் பார்ப்பதும் நீதான். ஒருநாள் சென்னைக் காண்டிராக்டர் ஒருவரிடமிருந்து சுருட்டிய வரைபடத்தோடு வந்தாய். கடலோர ஊர் ஒன்றில் படகுக் கால்வாய்க்கு மேலே ரோட்டுப் பாலம். படகு வரும்போது பாலம் நடுவில் பிளந்து மேலே எழும்புமாம். அப்போது வண்டிகளை நிறுத்த இரண்டு பக்கமும் கேட் வேண்டும். அந்த இரண்டு கேட்டைத்தான் நாம் செய்ய வேண்டும்.

"பாலத்த இன்னாத்துக்குடா தூக்கணும்? படகுக்காரன் குனிஞ்சுகினு போவ மாட்டானா?" என்றேன். நீ சிரிக்கவில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்து நாலு மூலையிலும் ஒவ்வொரு இரும்பு நட்டைப் பாரமாக வைத்தாய். நாம் இருவரும் அப்படிப்பட்ட பாலத்தைப் பார்த்ததே கிடையாது. பார்க்காத பொருளுக்குக் கதவு செய்ய உட்கார்ந்தோம்.

கேட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ரோட்டோரம் ஒரு தூண். தூணில் இருபதடிக் குழாய் ஒன்று ஏறி இறங்கும். அதற்குக் கை என்று பெயர் வைத்தோம். கையின் பின்முனையில் ஒரு பெட்டி. அதில் இரும்புப் பில்லைகளை அடுக்கினால் முன்பக்கக் கனம் குறையும், ஆள் ஒருவன் கைப்பிடியைச் சுற்றியே தூக்கிவிடலாம். கையை இறக்கியதும் நுனி ஒரு கவைமேல் உட்காரும். பிறகு கைப்பிடியைப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். அந்தச் சாவி இல்லாமல் பாலத்தைத் தூக்க முடியாது. சாவி கையில் இருந்தால் கேட் மூடியிருக்கிறது என்று பாலத்துக்காரன் நம்புவான். ஆனால் பூட்டு கைப்பிடிக்கு மட்டும்தான், குழாயைக் கவைமேல் அமுக்கி வைப்பது அதன் சொந்தக் கனம்தான். அந்த நம்பிக்கையில்தான் எல்லாம் இருந்தது.

பில்லை அடுக்கும் வேலை என்னுடையது. வரைபடத்தில் இருந்த எண்ணிக்கையை நீ சொன்னாய், அடுக்கினேன். கையைத் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. எனக்குப் பிடிக்கவில்லை. நான் யார்? பாவுத் தெருவில் பிறந்தவன். நம் தெருவில் காலையில் பாவு போடுவோம், தறிக்கு ஏற்றும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவுவோம்; அப்போது, வண்டி உள்ளே வராமல் தெருமுனையில் ஒரு மூங்கிலைக் குறுக்கே போடுவோம். அதன் பின்முனையில் ஒரு கல்லைக் கட்டியிருப்போம். ஒற்றை விரலால் தூக்கலாம். தண்ணீர்க் குடம் கொண்டுவருகிறவள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவன், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, யார் வேண்டுமானாலும் தாங்களே தூக்கிவிட்டுப் பாவின் ஓரமாக நடந்து போவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. விரலுக்கு எழும்பாத மூங்கிலைக் கட்டினால், "என்ன மூங்கில் கட்டினான் இவன், மாட்டுவண்டி நுகத்தடி மாதிரி" என்று தெருவே ஏசும். அந்த ஏச்சு என் ரத்தத்தில் இருந்தது.

அதனால் உன்னிடம், "பில்லை சிலது ஓட்டை சரியில்ல, புதுசா எட்டு கடைஞ்சு குடு" என்று பொய் சொல்லி வாங்கினேன். ஒரு கேட்டுக்கு நாலு பில்லை அதிகம் வைத்தேன். கை இறகுபோல் ஆகிவிட்டது. டீக்கடைப் பெண் வந்து சுண்டுவிரலால் தூக்கிக் காட்டினாள். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நீ செய்யாறு போயிருந்தாய். மறுநாள் லாரி வந்து இரண்டு கேட்டையும் ஏற்றிக்கொண்டு போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் மறக்க மாட்டேன். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு முதல் படகு விடப்போகிறார்கள் என்று காண்டிராக்டர் சொல்லியனுப்பியிருந்தார். நீ வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பைபிளோடு சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தாய். எங்கள் தெருமுனையில் மூங்கில் குறுக்கே கிடந்தது. நான் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மொபெட்டில் ஒருவன் வந்தான். வேகத்தைக்கூடக் குறைக்காமல் இடது கையால் மூங்கிலை மேலே தட்டிவிட்டுக் குனிந்து உள்ளே புகுந்தான். நல்லவேளை, பாவுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்திவிட்டான். தெருவே அவனைத் திட்டியது. நீ மட்டும் மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு என்னிடம் வந்தாய்.

"டேய், கேட்டுக்கு எத்தினி பில்லை வெச்ச?"

"வரைபடத்துல இருக்கற மாதிரிதான்" என்றேன். வாயில் பற்பசை நுரை. பொய் சொல்ல அது வசதியாக இருந்தது.

நீ அதற்குமேல் கேட்கவில்லை. "இங்க எவனாவது தூக்கிகினு பூந்தா பாவு இருக்குது. அங்க பூந்தா தண்ணிதான் இருக்கும். வா, பஸ் ஸ்டாண்டுக்குப் போலாம்" என்றாய்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து காண்டிராக்டர் ஆபீசுக்கு அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. சென்னை பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் நான் உன்னோடு சண்டை போட்டேன். ஒன்றுமில்லாததற்கு பேஜார் பண்ணுகிறாய், காண்டிராக்டர் காதுக்குப் போனால் பட்டறை பேரே கெட்டுவிடும், இனி ஆரணியில் ஒரு தறிக்காரன்கூட வேலை தரமாட்டான் என்றெல்லாம் கத்தினேன். நீ பைபிளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாய். தப்பு செய்தவன்தானே அதிகம் கத்துவான்.

நாம் போய் இறங்கியபோது நாலு ஆகப் பத்து நிமிஷம். பாலத்தை வேடிக்கை பார்க்க ஊரே திரண்டிருந்தது. கேட் மூடியிருந்தது. நம் கேட்தான். மஞ்சளும் கறுப்புமாகப் புது வர்ணம் பூசி, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. சைரன் ஊதினார்கள். பாலம் நடுவில் பிளந்து மெல்ல மேலே போனது. அப்படி ஒன்றை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறோம், ஆனால் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் முன்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த ஒருவர், இன்னும் கிட்டே போய்ப் பார்க்கலாம் என்று கையை நீட்டிக் குழாயைத் தூக்கினார். அது எழும்பியது. ஒற்றைக் கைக்கு, சிரமமே இல்லாமல், நான் பெருமைப்பட்ட மாதிரியே எழும்பியது.

நீ ஓடினாய். ஓடிப்போய்க் குழாய்மேல் வயிறு படியக் கவிழ்ந்து தொங்கினாய். அது உன்னோடு சேர்ந்து கீழே வந்து கவையில் உட்கார்ந்தது. கூட்டம் சிரித்தது. "யாருய்யா இது, வீட்ல சொல்லிகினு வந்தியா?" என்று ஒருவன் கேட்டான். நீ இறங்கவில்லை. தலைகீழாகத் தொங்கியபடி என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் பாருடா" என்றாய்.

அந்தப் பக்கம் இன்னொரு கேட். நடுவில் தண்ணீர். பாலம் தூக்கியிருக்கிறது, போக வழி இல்லை. பாலத்தின் இரண்டு பாதிக்கும் இடைவெளியில் அக்கரைக் கூட்டம் தெரிந்தது. கத்தினால் காதில் விழாது. முதல் வரிசையில் ஒரு அம்மா நின்றாள். அவள் கை குழாயைத் தொட்டது. என் உயிர் என்னிடம் இல்லை. முருகா, கர்த்தரே என்று இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டேன். அவள் குழாயைத் தூக்கவில்லை. கையிலிருந்த ஒயர் கூடையை அதில் மாட்டினாள். கூடை நிறைய சாமான். பாரம் இறங்கிய நிம்மதியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவள் தன் கூடையையும் மாட்டினாள். நான் அதிகமாக வைத்த கனத்துக்கு எதிர்க்கனம் காய்கறியாக வந்து தொங்கியது. படகு போனது, பாலம் இறங்கியது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றுவரை தெரியாது.

நீ இறங்கியபோது உன் வெள்ளைச் சட்டையில் மஞ்சள் பட்டை ஒன்று, கறுப்புப் பட்டை ஒன்று. அந்தக் கோலத்திலேயே பொறுப்பில் இருந்த என்ஜினியரம்மா முன்னால் போய் நின்றாய். நான் உன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். நீ என் கையைத் தட்டிவிட்டாய்.

"நாங்க தப்பு பண்ணிட்டோம் மேடம். பெட்டியில பில்லை அதிகமா கீது. இப்பவே எடுத்துடறோம்."

"யார் வைத்தது?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நாங்கதாங்க வெச்சோம்."

அந்த அம்மா நம்மைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தானே போய்க் குழாயை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "இதை நானும் பார்த்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு கேட்டிலும் நாலு நாலு பில்லையை எடுத்தோம். அவர் மறுபடி தூக்கிப் பார்த்தார். ஒரு கைக்கு அசையவில்லை. "அடுத்த வாரம் வந்து நுனியில் ஒரு பூட்டும் போட்டுக் கொடுங்க. அதுவரைக்கும் பாலத்தைத் தூக்கமாட்டேன்" என்றார். காண்டிராக்டரிடம் நம்மைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, நம் தப்பை மறைக்கவும் இல்லை. வந்து சொன்னதையும் சேர்த்தே ரெஜிஸ்டரில் எழுதினார். பூட்டை நீ லேத்திலேயே கிடந்து செய்தாய். போய்ப் பொருத்திவிட்டு வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஆனால் அந்த ஞாயிறு திரும்பும் பஸ்ஸில் நடந்ததைத்தான் இப்போது உன்னோடு பேச வேண்டும். எடுத்த பில்லைகளில் ஒன்று உன் மடியில், ஒன்று என் மடியில். ஞாபகத்துக்கு என்றாய். கண்டக்டர், "இன்னாப்பா, தோசைக்கல் வியாபாரமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அந்த ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும்வரை நான் காத்திருந்துவிட்டு, "டேய், நான்தான்டா அதிகம் வெச்சேன். உன்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"எட்டு பில்லைய லேத்துல கடைஞ்சு குடுத்தவன் நானு. பல் தேச்சிகினு நீ சொல்லச் சொல்லவே தெரியும்."

"அப்புறம் ஏன்டா அந்தம்மாகிட்ட நாங்கன்னு சொன்ன?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். "கேட்ட லாரில ஏத்தறதுக்கு முன்னாடி நான் எண்ணிப் பாத்திருக்கணும். பாக்கல. அப்ப நாங்கதான்" என்றாய். அதோடு பேச்சை முடித்துவிட்டு உன் சட்டையைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பித்தாய். வீட்டில் என்ன சொல்வது என்று. அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரே பட்டறையில் இருந்தோம். எத்தனையோ சண்டை. ஒருநாளும் அதை எடுத்துச் சொல்லி என்னைக் குத்தியதில்லை. அதற்கு நான் நன்றி சொன்னதும் இல்லை. நண்பனுக்கு எதற்கு நன்றி என்று வீறாப்பு. இப்போது சொல்கிறேன், கேட்கிறதோ இல்லையோ.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எங்கே கேட் மூடியிருந்தாலும் வண்டியை விட்டு இறங்கிப் போய்க் கையைக் கொடுத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். என் மகன் இதற்காகவே என்னோடு வெளியே வருவதில்லை. நேற்று உன் பில்லையைப் பார்த்தபிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போளூர் போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இறங்கிப் போய் இரண்டு கையாலும் தூக்கினேன். அசையவில்லை. இன்னொரு தடவை தூக்கினேன். ம்ஹூம். மனசு குளிர்ந்துபோனது.

கேட் கீப்பர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். இளவயசுப் பிள்ளை. "பெரியவரே, கைய எடுங்க. இன்னா அவசரம் உங்களுக்கு? வண்டி வந்துகினு கீது."

"அவசரம் இல்லப்பா. கனம் சரியா கீதான்னு பாத்தேன்."

"அதப் பாக்க நீங்க யாரு?"

என் பின்னால் யாரும் இல்லை. பைக் தனியாக நின்றது. என்றாலும் வாய் தானாகச் சொன்னது.

"நாங்க கேட் செய்யறவங்க."