அகப்பைக்காம்பு

செவ்வாய்க்கிழமை, இரவு

ரியூசன் வகுப்பு முடிந்து வரும் வழியில் யாழினி இன்றும் சைக்கிளிலேயே நித்திரையாகிவிட்டாள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளை. விழாமலிருக்க, பழைய சேலைத்துண்டால் அவளை என் இடுப்போடு கட்டித்தான் தினமும் முள்ளியவளையிலிருந்து கூட்டிவருகிறேன்.

வீட்டு வாசலில் முடிச்சை அவிழ்த்தபோது கண் திறக்காமலே, “அடிக்காதேங்கோ, இனிப் பிழை விடமாட்டன்” என்றாள்.

பக்கத்தில் நின்ற இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ரியூசன் சேர் அடிக்கிறவரோ? நாளைக்கே போய்க் கேக்கிறன்.”

“ஓம், கேளுங்கோ” என்றுவிட்டேன்.

அந்த வாத்தியார் பிள்ளைகள்மேல் கை வைப்பதேயில்லை. கணக்குப் பிழைத்தால் அகப்பைக்காம்பை எடுப்பது நான்தான்.

இனி அடிக்கமாட்டேன் என்று எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். சோதனைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது. எழுத வரவில்லை.