கொசு மருந்துப் பம்பில் வந்த பொன்

30-1-1944, ஞாயிறு. அம்பத்தூர்.

பூந்தமல்லியில் ஊரைக் காலி செய்துபோன துரையின் சாமான் ஏலத்தில் நான்கு திரைக் கம்பிகள் எடுத்தேன், கொக்கி வளையங்களோடு. எனக்கு எதிராகக் கேட்க ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை! துருப்பிடித்த இரும்புதான். ஆனால் ஆவடிக்காரர்களிடம், என் அக்கா வீட்டு ஜன்னலுக்கெல்லாம் பித்தளைக் கம்பி என்று முன்பே சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை அக்கா மகள் ராணியைப் பார்க்க வருகிறார்கள். அக்காவிடமும், "அழுக்கேறின பித்தளை, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"உன் வாயால ரெண்டு எடம் போச்சு, வேம்புலி. இதுவும் போச்சுன்னா என் ஊட்டு வாசப்படி மிதிக்காதே" என்றாள் பொன்னியக்கா.

1-2-1944

அக்கா திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போன நேரம். பெயின்ட் கடையில் வாங்கிய தங்க நிறப் பொடியை வார்னிஷில் கரைத்து, கொசு மருந்தடிக்கும் பம்பில் ஊற்றி அடித்தேன். அப்பா! பிரஷ் தொடவில்லை, கை தொடவில்லை. வெறும் புகை. வெயிலில் பொன்னாக மிதந்து போய்க் கம்பியில் உட்கார்ந்தது. வாழை இலை பொன், கோழி பொன், என் மீசை பொன். தேவலோகம் இப்படித்தான் இருக்கும்.

நான் அடித்தது கொஞ்சம் ஒழுகிற்று. காற்றின் குற்றம்.

"கிட்டப் போவாதே மாமா. இப்டிக் குடு" என்று ராணி பம்பை வாங்கினாள். முழம் தள்ளி நின்று, கை நிற்காமல் நகர, மெல்லிசாக ஒரு பூச்சு. காய்ந்ததும் இன்னொன்று.

3-2-1944

போச்சு. எல்லாம் போச்சு.

விருந்தாளி வருகிறார்களென்று அக்கா குடம், குத்துவிளக்கோடு கம்பிகளையும் இறக்கி, புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டாள். பித்தளை என்றால் தேய்க்கத்தானே செய்வாள்?

"இன்னாடா இது, பித்தளை உரிஞ்சிகினு வருது!"

அப்புறம் திட்டவில்லை. அழுதாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. தங்கப் பொடியும் தீர்ந்துபோச்சு. வீட்டில் கிடந்த கறுப்புப் பெயின்டை ராணி அதே பம்பில் ஊற்றி அடித்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு நான் என்ன சொல்வது?

4-2-1944, வெள்ளி

வந்ததும் பையனின் அம்மா ஜன்னலைத்தான் பார்த்தாள். "இன்னா அண்ணாத்தே, பித்தளைன்னியே. கறுப்பா கீது?"

நூறு பதில் நாக்கில் நின்றது. அதற்குள் பையன் நாகேந்திரன் எழுந்துபோய்க் கம்பியைத் தடவினான். ஆவடிப் பட்டாளத்தில் லாரிகளுக்கு மிஷினில் பெயின்ட் அடிக்கிறவன்.

"ஒரு சொட்டு ஒழுகலியே! யாரு அடிச்சது?"

நான்தான் என்று வாய் திறந்தேன். கதவோரம் அக்காவின் முகம்.

"இரும்புதாம்மா. பித்தளைன்னு நான்தான் அளந்தேன். அடிச்சது ராணி."

"மிஷின் ஏது?"

"கொசு மருந்துப் பம்பு" என்றாள் ராணி, தலை நிமிராமல்.

பையன் மறுபடி தடவினான். "பம்புலயா!"

20-2-1944

நிச்சயம் முடிந்தது. பதினாயிரம் பேர் வந்திருப்பார்கள். தட்டில் புடவை, பூ, பழம். பழத்துக்குப் பக்கத்தில் புத்தம்புதுக் கொசு மருந்துப் பம்பு ஒன்று! மாப்பிள்ளை வைத்ததாம். எந்த ராஜா வீட்டிலாவது நடந்திருக்குமா?

நான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடா அங்க நிக்கறே, உள்ள வா" என்றாள் அக்கா.