ஆறு பற்றரியும் ஒரு பாட்டுப் பெட்டியும்

என் செல்லத் தம்பி தயாளா,

நீ போய் நாலு வருஷமாகப் போகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம் என்று வைத்துக்கொள். அது தீர்ந்துவிட்டதால்தான் இன்று எழுதுகிறேன் என்று நினைத்து அங்கேயிருந்து சிரிக்காதே. தீரவில்லை.

செய்தி இதுதான். இன்று காலை ஐயா கடைக்குப் போய் ஆறு பற்றரி வாங்கி வந்தார். றேடியோவுக்குப் போடுகிற பெரிய பற்றரி, புத்தம் புதிது. ஒளித்து வைத்து விற்கவில்லையாம். சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் தட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்களாம். சண்டை பிடித்த பெரியவர்கள் சமாதானம் பேசுகிறார்கள், அதனால் பற்றரிக்கு இருந்த தடை தளர்ந்திருக்கிறது. விளங்குதா தயா? கடைத்தட்டில், சவர்க்காரத்துக்குப் பக்கத்தில்!

ஐயா அந்த ஆறையும் மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்:

"பிள்ளை, அவன்ரை பெட்டியை எடுத்துப் போடன். ஒருக்காக் கேப்பம்."

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதத் தொடங்கினேன். நாலு வருஷமாக அந்தப் பெட்டியை நான் ஐயாவின் கையில் கொடுத்ததில்லை. நீ அதைக் கேட்காமல் போனதற்கு அவர்தான் காரணம் என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு அவரே வந்து கேட்கிறார். நான் என்ன செய்ய?

இதை ஒரு நாள் மற்றவர்களும் எடுத்து வாசிக்கக்கூடும். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் ஐயாவின் சாப்பாட்டுக்கடை எரிந்தது. மேல்மாடியில் நீ சேர்த்து வைத்திருந்த பதினொரு இசைத்தட்டும் அதோடு எரிந்தன. பதினொன்றும் ஒரே ஆட்களுடைய பாட்டு, இங்கிலாந்துக்காரர் ஐந்து பேர். அகதிக் கப்பலில் வந்து இறங்கி, புங்குடுதீவில் மடத்துவெளி வீட்டுக்குள் கால் வைத்ததும் நீ சொன்ன முதல் கதை, "அக்கா, என்ரை தட்டெல்லாம் எரிஞ்சு போட்டுது." சொல்லிவிட்டு விக்கி விக்கி அழுதாய். இருபது வயதுக்காரன்!

ஐயா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "முப்பது வருஷக் கடை சாம்பலாப் போச்சு. இவர் கண்டறியாத பாட்டுத் தட்டுக்கு அழுறார்" என்றார். அன்றோடு நீங்கள் இரண்டு பேரும் நேரே கதைப்பது நின்றது. "அவனிட்டைச் சொல்லு", "ஐயாட்டைக் கேளுங்கோ" என்று நடுவில் நான் தபால்காரி ஆனேன். எட்டு வருஷம் சம்பளமில்லாத வேலை.

அந்தப் பாட்டுகளை எனக்கு விளங்கப்படுத்த நீ பட்ட பாடு கொஞ்சமா? ஒரு பாட்டு இருபத்துமூன்று நிமிஷம் என்றாய். அதற்குள் ஒரு சோறு வடித்துவிடலாம் என்றேன். தாளம் நாலு நாலாகப் போகாது, ஏழு ஏழாகப் போகும் என்று அம்மியில் தட்டிக் காட்டினாய். பாட்டுக்காரர் மேடையில் நரித்தலை மாட்டிக்கொண்டு நிற்பார் என்றாய். "இந்த ஆக்களிட்டை இருந்துதான் அக்கா மற்ற எல்லாரும் களவெடுத்தவை" என்று நீ சொல்லும்போது, உன் சொந்தக் காணியைக் களவெடுத்தது போல உனக்குக் கோபம் வரும். எனக்கு அதெல்லாம் கிணற்றுக்குள் வாளி விழுந்த சத்தம்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கும்.

திரும்பவும் சண்டை தொடங்கி, தீவில் கரண்ட் போய், பற்றரியும் வரக்கூடாது என்று தடை போட்ட காலத்தில்தானா அந்தப் பெட்டி வரவேண்டும்? லண்டனிலிருந்து நம்முடைய சிவா மச்சான் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். கண்ணில் புரை வெட்டிக்கொள்ள அங்கே போயிருந்த பழைய தபாலதிபர், ஆறு மாதம் கழித்து அதைத் தன் வேட்டிகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். செங்கல்லைப் போல ஒரு கறுத்தப் பெட்டி. உள்ளே ஆறு கசெற், தடித்த ஒரு புத்தகம். அந்த ஐந்து பேரும் தொடங்கிய நாளிலிருந்து இருபது வருஷம் பாடிய எல்லாவற்றிலும் தெரிந்தெடுத்து, தட்டில் வராததையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களாம். எரிந்த பதினொன்றும் அதற்குள் திரும்பி வந்துவிட்டன என்று நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வளவெல்லாம் ஓடினாய். தபாலதிபர் கறுத்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைப் பார்த்தார்.

ஓடினவன் அதைப் போட்டுக் கேட்டாயா? இல்லை!

ஊர் முழுக்க அப்போது பாட்டுக் கேட்டது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவில் கொழுவித்தான். சுற்றுகிறவருடைய கை களைத்தால் பாடகியும் களைப்பாள், வேகமாய்ச் சுற்றினால் கீச்சிடுவாள். அதிலேயே கலியாண வீடுகூட நடந்தது. உனக்கு மட்டும் அது காணாது.

"அக்கா, இருபது வருஷத்தை இழுத்து இழுத்துக் கேக்க ஏலாது. முதல் தரம் ஒழுங்காய்க் கேக்க வேணும். முதல் கசெற்றிலை இருந்து ஆறாவது மட்டும், ஒரே நாளிலை, ஒரே மூச்சிலை."

இது எங்கள் ஆட்களின் நோய், உன்னுடையது மட்டுமில்லை. புதுச் சீலை என்றால் நல்லநாளுக்கு. வெளிநாட்டுக் கோப்பை என்றால் அலுமாரிக்கு. நல்லநாள் வருமட்டும் பொருளைப் பொத்திவைப்போம். நீயும் கசெற் ஆறையும் உறை பிரிக்காமல் வைத்தாய். புத்தகத்தை மட்டும் வாசித்து வாசித்து மூலை மடங்கப் பண்ணினாய்.

வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு கசெற் றேடியோ. அதற்குள் ஐயாவின் பழைய பற்றரிகள். அவருக்கு ஒரு நாளைக்குக் கால்மணி நேரம் வெளிநாட்டுச் செய்தி கேட்கவேண்டும், முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வெயிலில் காயவைப்பார். உனக்காக நான்தான் தூது போனேன்.

"செய்திக்கு ஒரு மாசம் போற பற்றரி, உவன்ரை பெட்டிக்கு ஒரு பொழுதுக்கும் காணாது. குண்டு எங்கை விழுகுதெண்டு தெரியாமல் இருந்துகொண்டு கூத்துப் பாட்டுக் கேக்கிறதோ? போய்ச் சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு நீ ஊரெல்லாம் செத்த பற்றரி பொறுக்கி, உப்புத்தண்ணீரில் போட்டு அவித்தாய். உயிர் வரும் என்று யாரோ சொன்னார்களாம். அம்மாவின் பால்சட்டிக்கு ஓட்டை வந்ததுதான் மிச்சம். அன்றைக்குத்தான் நீ முடிவெடுத்தாய். சவர்க்காரமும் பால்மாவும் வாங்கி வருகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டு, வன்னிக்காடு தாண்டி, தடையில்லாத வவுனியாவுக்கு வெளிக்கிட்டாய். எதற்குப் போகிறாய் என்று எனக்கு மட்டும் தெரியும். நான் மறிக்கவில்லை. "கவனமாப் போட்டு வா" என்று சோற்றுப் பார்சல் கட்டித் தந்தேன், விசரி.

பத்தாம் நாள் வந்தாய். ஒரு பூசணிக்காயைத் தலைப்பக்கம் வெட்டி, விதையை எடுத்து, ஆறு பற்றரியை அடைத்து, வெட்டிய துண்டை ஈர்க்கால் குத்தி மூடிக் கொண்டுவந்திருந்தாய். ஆமிக்காரன் அந்தப் பூசணியைத் தட்டிப் பார்த்து நல்ல காய் என்றானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அடுத்த வெள்ளிக்கிழமை காலை முதல் பின்னேரம் வரை ஒருவரும் உன்னைக் கூப்பிடக்கூடாது என்று சட்டம் போட்டாய்.

வெள்ளிக்கிழமை வருமுன் காய்ச்சல் வந்தது.

காட்டு நுளம்பு கடித்து வந்த மலேரியாக் காய்ச்சல். பற்றரிக்குத் தடை போட்டவர்கள் மருந்தையும் மறந்துவிடவில்லை. ஊரில் இருந்தது வெறும் காய்ச்சல் குளிசை மட்டும். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தோம். நாலாம் நாள் உனக்குப் பேச்சுத் தடுமாற, தெரிந்தவருடைய வான் வண்டியில் கிடத்தி, கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதியால் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள்தான்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு நீ விரும்பிச் சாப்பிடுகிறதெல்லாம் சமைத்து வைத்தோம். கணவாய்க் கறி, இறால் வடை, ஒடியல் கூழ். படைக்கிற நேரம் அம்மா அந்தக் கறுத்தப் பெட்டியையும் தூக்கி வந்து வாழையிலையில் வைத்தா. "உந்தப் பெட்டியையும் திங்கிறதே?" என்று சித்தப்பா சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்தால் காணாது, போட்டுக் காட்டவேண்டும் என்று றேடியோவை எடுத்துக்கொண்டு வந்தேன். நீ கொண்டுவந்த ஆறும் அதற்குள்தான் இருந்தன. ஐயா போட்டிருக்கிறார். ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. எட்டு நாளில் ஆறும் செத்துவிட்டன.

செய்தி முடிந்த பிறகும் ஐயா நிறுத்தாமல் விட்டிருக்கிறார். வெறும் இரைச்சலை, இரவும் பகலும், காதில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அது ஒரு தகப்பனுடைய துக்கம் என்று இப்போது எனக்கு எழுதத் தெரிகிறது. அன்று எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. செத்தவீட்டுச் சனத்துக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"உயிரோடை இருக்கேக்கை அவனைக் கேக்க விடேல்லை. செத்தாப் பிறகும் விடமாட்டியளோ ஐயா? நீங்கள் ஒரு நாளைக்குப் பற்றரி குடுத்திருந்தால் அவன் காட்டுக்குப் போயிருப்பானே?"

ஐயா எழும்பி வளவுக்குள் போனார். அதற்குப் பிறகு அவர் செய்தியும் கேட்கவில்லை. அந்த வருஷமே ஆமி வருகிறது என்று ஊரைவிட்டு எல்லாரும் ஒரே நாளில் வெளிக்கிட்டோம். நான் காணி உறுதிப் பத்திரத்தை மறந்தேன், உன் பெட்டியை மறக்கவில்லை. இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீடு. அம்மா போன மாரியில் உன்னிடம் வந்துவிட்டா, உனக்குத் தெரிந்திருக்கும். மிஞ்சியது ஐயாவும் நானும், கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டியும்தான். நாலு வருஷமாக அவர் என் முகத்தை நேரே பார்த்துச் சாப்பாடு கேட்பதில்லை. சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைப்பார், நான் போடுவேன்.

இன்றைக்கு அந்த மனிதர் நெஞ்சுச்சளியோடு கடைக்கு நடந்து போய், ஆறு பற்றரி வாங்கி வந்து மேசையில் வைத்திருக்கிறார். இருந்து எழுத இவ்வளவு நேரமாகிவிட்டது. எழுதாமல் விட்டது ஒன்றுதான் மிச்சம். அதை எழுதத்தான் கதவைச் சாத்தினேன்.

காய்ச்சலின் மூன்றாம் நாள் பின்னேரம். நான் உன் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தா, ஐயா வளவில் நின்றார். நீ கண்ணைத் திறந்து, தெளிவாகத்தான் கேட்டாய்:

"அக்கா, இப்பவே போடுவமே? ஒழுங்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏதாவது ஒண்டைப் போடுங்கோ."

நான் என்ன சொன்னேன்?

"சும்மா கிட தம்பி. முதல் தரம் ஒழுங்காய்க் கேக்க வேணுமெண்டு நீதானே சொன்னனீ. பற்றரி வீணாப் போகும். முதலிலை சுகமாகட்டும், பேந்து கேக்கலாம்."

நீ தலையை ஆட்டினாய். நான் பெட்டியை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பூட்டினது நான், தயா. ஐயா இல்லை.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்குக்கூட. சனத்துக்கு முன்னால் நான் கத்தினது ஐயாவைப் பார்த்துத்தான், ஆனால் என்னை ஒருவரும் பார்க்கக்கூடாது என்றுதான். அந்தக் கிழவன் நாலு வருஷம் என் பழியையும் சேர்த்துச் சுமந்தார். அது பெருமனம் என்று சொல்லி அவரைக் கோயிலில் வைக்க எனக்கு ஏலாது. ஒரு நாளாவது உன்னோடு நேரே கதைத்திருக்கலாம், அந்தக் கோபம் எனக்கு அவர்மேல் சாகுமட்டும் இருக்கும். உன்மேலும் இருக்கும். ஒரு பாட்டைச் சரியாகக் கேட்க மனிதன் காட்டுக்குள் போவானா? ஆனால் என்னுடையது என்னுடையதுதான்.

உனக்குச் சத்தியம் பண்ணித் தருகிறேன். இந்தப் பேனையை வைத்ததும் கதவைத் திறந்துகொண்டு போய், ஐயாவுக்கு முன்னால் நிற்பேன். நீ கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு சொல் குறையாமல் சொல்லுவேன். அவர் அடித்தால் வாங்குவேன். எழும்பிப் போய்விட்டால் போகட்டும். சொன்ன பிறகுதான் அந்தப் பற்றரிகளைத் தொடுவேன்.

பேந்து என்று இனி ஒருவருக்கும் சொல்லமாட்டேன்.

உன்னைப் பொறுத்திருக்கச் சொன்ன,
உன் அக்கா
புனிதம்